திமிங்கலத்தின் மடி

தலைமையேற்று அமர்ந்திருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ராக்கையா அண்ணே அவர்களே! குரங்கணியிலிருந்து ஜீப்பேறி வந்து, குளிருக்குக் கட்டிய துண்டை இன்னும் அவிழ்க்காத பெரியோர்களே! சிலமலைத் தோட்டங்களில் களையெடுத்த கையோடு கிளம்பி வந்த தாய்மார்களே! முன்வரிசையில் முறுக்கு மெல்லும் மழலைகளே! ஏலக்காய்க் கடை ரமீஸாவின் வணக்கமும் ஸலாமும் உங்கள் அனைவருக்கும்!

போடியிலே கடல் உண்டா? இல்லை. கடற்காற்று உண்டா? அதுவும் இல்லை. ஆனால் நம் நூலகச் சுவரிலே திமிங்கலம் உண்டு! தீட்டியவர் யார்? ஜீப்புகளுக்குப் பெயர் எழுதும் நம் செல்லத்தாய்! அட, கைதட்டுங்கப்பா, கைக்கு என்ன நோவு?

பல நூறு ஆண்டுகளுக்கு முன்னே, திமிங்கலத்தை உயிரோடு காணாத ஓவியர்கள் கடலோடிகள் சொன்னதைக் கேட்டு வரைந்தார்கள். கரையொதுங்கி ஊதிக் கிடந்த உடலைக் கண்டு வரைந்தார்கள். காது வைத்தார்கள், கொம்பு வைத்தார்கள், காலும் நகமும் வைத்தார்கள். சிரிக்காதீர்கள்! பக்கத்துத் தேவாரம் ஊரில் யானை இறங்கிய மறுநாள் காலை, முறிந்த வாழையைப் பார்த்து நாம் ஆளுக்கொரு யானை செய்வதில்லையா? ஒற்றைக் கொம்பன் என்பார் ஒருவர், குட்டியோடு வந்தது என்பார் இன்னொருவர். பார்த்தவர் ஒருவரும் இல்லை! பயமும் பிரியமும் சேர்ந்தால் படம் அப்படித்தான் வளரும். அந்தப் படங்கள் மீது எனக்கு அவ்வளவு ஆசை.

அதில் ஒன்றைத்தான் சுவரில் வரையச் சொல்லிச் செல்லத்தாயிடம் கொடுத்தேன். காது, கொம்பு, நகம் எல்லாம் அப்படியே இறக்கினாள். நான் கொடுத்த படத்தில், தாயின் வயிற்றோரம் குட்டி பால் குடிக்கும் இடம் மட்டும் மங்கல். விடிந்தால் மாட்டு மடியில் கைவைக்கிறவள் அல்லவா? நாலு காம்போடு மடி வைத்துவிட்டாள்!

வந்தது வம்பு. தலைவர் பார்த்தார். "ஏத்தா, மீனுக்கு மடியா? ஊரே சிரிக்கும். வெரசா வெள்ளையடிச்சிரு" என்றார். நாளைக் காலை மடியை அழிக்க, பெயின்ட் டப்பாவும் வந்துவிட்டது.

அண்ணே, காது ஏன் என்று கேட்டீர்களா? கொம்பு ஏன் என்று கேட்டீர்களா? நகமாவது ஏன் என்று கேட்டீர்களா? அத்தனை பொய்யையும் விட்டுவிட்டு, அங்கே இருக்கிற உண்மையைப் போய் அழிக்கச் சொல்கிறீர்களே! திமிங்கலம் மீனில்லை அண்ணே. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜீவன். காம்பு இரண்டுதான், அதுவும் தோலுக்குள் ஒளிந்திருக்கும். நம்மவள் நாலு கொடுத்தாள். தாராள மனசு! பாருங்கள், அவளே சிரிக்கிறாள்.

ஆனால் டப்பாவைக் கையில் கொடுத்தபோது அவள் சிரிக்கவில்லை. "அழிக்கச் சொன்னா அழிக்கிறேண்ணே. மடி போயிட்டா குட்டி வாயத் தொறந்துக்கிட்டுச் சும்மாவே நிக்குமே?" என்றாள்.

கண்ணால் காணாத உயிருக்கும் பசிக்கும் என்று கலங்கிய கை அது! கடலே காணாத ஊரில் கடற்குட்டிக்குப் பாலூட்டிய கை அது! அந்தக் கையாலேயே அதை அழிக்க வைக்கலாமா? சொல்லுங்கள், வைக்கலாமா? மடி இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்!

அடி ஆத்தீ, தூக்கிய கைகளில் பின்வரிசையே தெரியவில்லையே! அண்ணே, நீங்க? என்ன முணுமுணுக்கிறீர்கள்? இந்தாங்க மைக்கு, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்க.

கேட்டீர்களா? "நாலு காம்பு இருக்குல்ல, பக்கத்துல இன்னொரு குட்டியும் வரையச் சொல்லுத்தா" என்கிறார் தலைவர்!

என் வயிற்றில் பால் வார்த்தீர்கள் அண்ணே! பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. செல்லத்தாயி, நாளைக்குச் சோலி இருக்கு, வெரசா வந்துரு. வர்றேன் மக்களே, வணக்கம்!