கடைசி இருபது நிமிடத்தை யார் பார்த்தீர்கள்?

அவையை நடத்தும் தலைவர் திருமதி ஓல்சன் அவர்களே! ஐம்பது குளிர்காலம் இந்தப் பலகைகளில் அமர்ந்து ஆர்ப்பரித்த பெரியோர்களே! விடியுமுன் பிள்ளைகளைப் பயிற்சிக்கு ஓட்டிவந்து, வண்டியிலேயே காப்பி குடித்த தாய்மார்களே! உங்கள் சறுக்குக் காலணிகளுக்குச் சாணை பிடிக்கும் மார்லிஸின் வணக்கம்.

பின்வரிசையில் கேட்கவில்லையா? சாணைச் சத்தத்தில் பேசாமலே பழகிவிட்டேன். உயர்த்திப் பேசுகிறேன்.

இன்று காலை அரங்கக் கதவில் ஒரு தாள். பயிற்சியாளர் ஆர்வில் ஸ்டெஃபானிக்கை நீக்க இன்று வாக்கெடுப்பாம். காரணம்? சனிக்கிழமை ஹாக்கி ஆட்டத்தில் ரசிகர்கள் கோபத்தில் கழற்றிப் பனித்தளத்தில் எறிந்த எண்பது ஜெர்சிகள்! படித்தேன், பதறினேன், மறுபடி படித்தேன். ஏன் தெரியுமா? அந்த எண்பதில் முதல் ஜெர்சி என்னுடையது!

மூத்த ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டு இளைஞர்களை வளர்ப்போம், மூன்று ஆண்டு பொறுப்போம் என்று இதே அரங்கில் கை தூக்கியவர்கள் யார்? நாம். பதினான்கே மாதத்தில் ஜெர்சி எறிந்தவர்கள் யார்? நாம்!

அன்று மூன்று கட்டங்களில் இரண்டாவது முடிவதற்குள் நம் வலையில் ஆறு கோல். கோல் கம்பங்களுக்கு நடுவே பத்தொன்பது வயது டெஸ்மண்ட் கார்டினல்.

"ஓய் ஆர்வில், அவன வெளிய எடுய்யா!"

"கோல்கீப்பராடா அவன்? தொறந்து வச்ச கதவு!"

சிரிக்காதீர்கள் அண்ணா, கத்தியது நீங்கள்தான்! நான் ஜெர்சியைக் கழற்றினேன், எறிந்தேன், வெளியேறினேன். மைனஸ் முப்பத்தைந்து டிகிரி குளிரில் வண்டி கிளம்ப வேண்டாமா? எஞ்சினைச் சூடாக்க எல்லோரும் கூடவே வந்தீர்கள்.

மறுநாள் பயிற்சியாளர் கடைக்கு வந்தார். கையில் துவைத்து மடித்த ஜெர்சி.

"இந்தா மார்லிஸ், உன்னோடது. கழுத்துல உன் பேரு தச்சிருக்கு."

எனக்கு முகம் எரிந்தது. "அவன ஏன் கோச் வெளிய எடுக்கல?"

"ஒவ்வொரு கோலுக்கும் என்னையே திரும்பிப் பாத்தான், எடுத்துருவேனோன்னு. மூணாவது கட்டத்துல, அந்தக் கடைசி இருபது நிமிஷத்துல, ஒரு தடவகூடத் திரும்பல. பனியில வர்ற ரப்பர் வட்ட மட்டுந்தான் பாத்தான். எதிரணி அடிச்சது பதினேழு அடி, ஒண்ணுகூட உள்ள போகல. நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை, பெரியோர்களே! நான் வண்டியில் கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன்!

கேட்கிறேன்: அந்தக் கடைசி இருபது நிமிடத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.

ஒன்று. இரண்டு... அரங்கைப் பெருக்கும் வால்டர் ஐயா, நீங்கள் மூன்று. இருநூறு பேரில் மூன்றே பேர்! பாராத ஆட்டத்துக்கா தீர்ப்பு? விதைத்த வயலை வேர் பிடிக்குமுன் உழுவோமா? கோதுமை விளைவிக்கும் நாமா?

இதோ, மேலங்கியைத் திறக்கிறேன். எறிந்த ஜெர்சியை மறுபடி அணிந்திருக்கிறேன். மூன்று ஆண்டு என்று தூக்கிய அதே கையை ஆர்வில் நீடிக்க இன்னொரு முறை தூக்குங்கள். வரும் சனிக்கிழமை எஞ்சின் குளிர்ந்தே கிடக்கட்டும். கடைசி மணி அடிக்கும்வரை நான் உட்கார்ந்திருப்பேன்.

பேசாதவளைப் பேசவிட்ட உங்களுக்கு நன்றி. டெஸ்மண்ட், கதவோரம் ஒளிந்து நிற்கிறாயே, உனக்கும் வணக்கம்!