ரெண்டு ட்யூப், ஒரு சோக்

எலக்ட்ரீஷியன்: ஸ்டூலைப் பிடிங்க தம்பி. சுவரை விடுங்க, அது தானா நிக்கும்.

வீட்டுக்காரர்: பிடிச்சுட்டேன் ஐயா. தைரியமா ஏறுங்க.

எலக்ட்ரீஷியன்: கடவுளே, நீதான் துணை...

வீட்டுக்காரர்: இத்தனை வருஷ அனுபவம். இன்னும் பயமா?

எலக்ட்ரீஷியன்: என் வேலைமேல பயமில்ல. இங்க வயர் இழுத்தவன் யாருன்னு தெரியாதே. சுவிட்சை அணைச்சீங்களா?

வீட்டுக்காரர்: அணைச்சுட்டேன். அணைக்காட்டியும் எரியப்போறதில்ல. நாலஞ்சு நாளா இப்படித்தான். கண்ணைச் சிமிட்டும்... அணையும்... மறுபடி சிமிட்டும்.

எலக்ட்ரீஷியன்: ம்... ரெண்டு சின்ன ட்யூப், ஒரு சோக். ஸ்டார்ட்டரை யார் மாத்தினது?

வீட்டுக்காரர்: நான்தான். பழசு போயிடுச்சு போலன்னு புதுசு வாங்கிப் போட்டேன்.

எலக்ட்ரீஷியன்: ரெண்டையுமா?

வீட்டுக்காரர்: ரெண்டையும்தான். ஏன், தப்பா?

எலக்ட்ரீஷியன்: இது நீள ட்யூபுக்குப் போடுறது. ஒத்தை ட்யூபுக்கு ஒத்தை சோக்குன்னா இது சரி. இங்க ஒரே சோக்கை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கிறாங்க. ஆளுக்குப் பாதி வோல்ட்டேஜ்தான் கிடைக்கும். அந்தப் பாதியில எந்திரிக்கிற ஸ்டார்ட்டரா பார்த்துப் போடணும்.

வீட்டுக்காரர்: அட, இதுல இவ்வளவு இருக்கா.

எலக்ட்ரீஷியன்: எத்தனை வாட்ஸுக்குன்னு அதுமேலேயே எழுதியிருக்கே.

வீட்டுக்காரர்: எழுத்து ரொம்பப் பொடிசு ஐயா.

எலக்ட்ரீஷியன்: தம்பிக்கு என்ன வேலை?

வீட்டுக்காரர்: மருந்து... மருந்துக் கடை.

எலக்ட்ரீஷியன்: சரிதான். மாத்திரை அட்டையில எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கிறதை நாள் முழுக்கப் படிக்கிறவருக்கு, இது பொடிசாப் போச்சு.

வீட்டுக்காரர்: வீட்டுக்கு வந்தா கண்ணு கொஞ்சம்... அசந்துடும். லைட்டைப் பாருங்க ஐயா.

எலக்ட்ரீஷியன்: பார்க்கிறேன், பார்க்கிறேன். அவசரமா?

வீட்டுக்காரர்: என் மனைவி வேலை விட்டு வர்ற நேரம். மாசமா வேற இருக்கா. இருட்டுல கால் தடுக்கிட்டா என்ன ஆகிறது? அதோட, லைட் இல்லாம அவளுக்குத் தூக்கம் வராது.

எலக்ட்ரீஷியன்: வரவே வராது. தலைமாட்டுல ஒரு சின்ன பல்பாவது எரியணும்...

வீட்டுக்காரர்: என்ன ஐயா?

எலக்ட்ரீஷியன்: பொதுவாச் சொன்னேன். மாசமா இருக்கிறவங்களுக்கு.

வீட்டுக்காரர்: ஓ. பொதுவா.

எலக்ட்ரீஷியன்: பொதுவா. அவங்க வீட்டுல இருந்து யாரும் வந்து பார்க்கிறதில்லையா?

வீட்டுக்காரர்: அம்மா இல்ல. அப்பா மட்டும்தான். எங்க கல்யாணத்துக்கே அவர் வரல. தன்னை ஒரு வார்த்தை கேட்கலைன்னு கோபம். பொண்ணு கூப்பிடாம அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னுட்டாராம்.

எலக்ட்ரீஷியன்: கூப்பிட வேண்டியதுதானே அவங்க.

வீட்டுக்காரர்: எங்க? அவரா வரட்டும், நான் கூப்பிட மாட்டேன்னு இவ.

எலக்ட்ரீஷியன்: அப்பனுக்குத் தப்பாமத்தான் பிறந்திருக்கா.

வீட்டுக்காரர்: அவரைத் தெரியுமா உங்களுக்கு?

எலக்ட்ரீஷியன்: எனக்கெப்படித் தெரியும்... நீங்க சொல்றதை வச்சுச் சொன்னேன். கல்நெஞ்சுக்காரனா இருப்பான் போல.

வீட்டுக்காரர்: சேச்சே, அப்படிச் சொல்லாதீங்க. நல்ல மனுஷன்னுதான் கேள்வி. கொஞ்சம் வீம்பு, அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியன்: கொஞ்சமா?

வீட்டுக்காரர்: நிறைய.

எலக்ட்ரீஷியன்: ம்... இந்தாங்க, வேற ஸ்டார்ட்டர் போட்டிருக்கேன். சுவிட்சைப் போடுங்க.

வீட்டுக்காரர்: ஸ்டூலை விட்டுட்டுப் போகவா?

எலக்ட்ரீஷியன்: கை அவ்வளவு தூரம் எட்டும்னா விடாமலே போடுங்க.

வீட்டுக்காரர்: போட்டாச்சு... எரியலையே.

எலக்ட்ரீஷியன்: எரியல.

வீட்டுக்காரர்: ஐயா, இதுவும் நீள ட்யூப் ஸ்டார்ட்டர் மாதிரியே இருக்கே.

எலக்ட்ரீஷியன்: அப்படியா? எழுத்து ரொம்பப் பொடிசு தம்பி. சுவிட்சை அணைச்சுட்டு ஒரு துணி குடுங்க. ட்யூபைத் தொடைச்சுடலாம்.

வீட்டுக்காரர்: தொடைச்சா எரியுமா?

எலக்ட்ரீஷியன்: எரியாது. சுத்தமா இருக்கும்.

வீட்டுக்காரர்: தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?

எலக்ட்ரீஷியன்: வெந்நீரா குடுங்க. நல்லாக் கொதிக்கணும்.

வீட்டுக்காரர்: கொதிக்கக் கொதிக்க எப்படி ஐயா குடிப்பீங்க?

எலக்ட்ரீஷியன்: ஆற வச்சுத்தான் குடிப்பேன்.

வீட்டுக்காரர்: அதுக்கு ரொம்ப நேரமாகுமே.

எலக்ட்ரீஷியன்: ஆகட்டுமே.

வீட்டுக்காரர்: சரி... இந்தாங்க துணி. அடுப்புல தண்ணி வச்சிருக்கேன்.

எலக்ட்ரீஷியன்: அந்த முனைதான் எட்டல... இன்னும் கொஞ்சம்... மாப்ள, பிடி பிடி, சாயுது...

வீட்டுக்காரர்: பிடிச்சுட்டேன் மாமா, காலை ஊனுங்க.

எலக்ட்ரீஷியன்: வயசுப் பிள்ளைங்களை மாப்ளன்னுதான் கூப்பிடுறது. பழக்கம்.

வீட்டுக்காரர்: நானும் பெரியவங்களை... அப்படித்தான்.

எலக்ட்ரீஷியன்: நல்ல பழக்கம்.

வீட்டுக்காரர்: ஆமா... சட்டைப் பையில என்ன துருத்திக்கிட்டு இருக்கு?

எலக்ட்ரீஷியன்: மூக்குக்கண்ணாடி.

வீட்டுக்காரர்: கண்ணாடி மூக்குமேல இருக்கு மாமா.

எலக்ட்ரீஷியன்: ...இந்த ஃபிட்டிங்குக்கு உண்டான ஸ்டார்ட்டர்தான். ரெண்டு. போன்ல நீங்க அடையாளம் சொன்னப்பவே எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்.

வீட்டுக்காரர்: வந்ததும் போட்டிருக்கலாமே.

எலக்ட்ரீஷியன்: போட்டா வேலை முடிஞ்சுடும். வேலை முடிஞ்ச எலக்ட்ரீஷியனுக்கு இன்னொருத்தர் வீட்டுல என்ன ஜோலி? அவ வர்றவரைக்கும் நிக்க ஒரு சாக்கு வேணுமே.

வீட்டுக்காரர்: அப்ப, நான் யாருன்னு...

எலக்ட்ரீஷியன்: போன்லயே தெரிஞ்சுது. குரலை மாத்திப் பேசினீங்க பாருங்க, ஜலதோஷம் பிடிச்ச ஆள் மாதிரி. அவ குடியிருக்கிற விலாசம் எனக்குத் தெரியாதா? இந்தத் தெரு வழியாத்தான் தினமும் சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போறேன்.

வீட்டுக்காரர்: கூப்பிடாம நீங்க வரமாட்டீங்க. கூப்பிட அவ மாட்டா. லைட் ரிப்பேர்னு நான் உங்க கடைக்குப் போன் போட்டா யார் வார்த்தையும் கெடாதேன்னு... நல்லா இருந்த ஸ்டார்ட்டரைக் கழட்டிட்டு வேணும்னேதான் தப்பானதைப் போட்டேன் மாமா.

எலக்ட்ரீஷியன்: பொய்தான். ஆனா கடவுள் கோவிச்சுக்காத பொய்.

வீட்டுக்காரர்: அவகிட்ட சொல்லிடாதீங்க. இத்தனை நாள் இருட்டுல படுக்க வச்சதுக்கு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா.

எலக்ட்ரீஷியன்: நான் எதுக்குச் சொல்றேன். சின்னப் பொண்ணா இருக்கிறப்ப கடையில உட்கார்ந்து ஸ்டார்ட்டரையெல்லாம் ரகம் பிரிச்சுப் போடுவா. இப்ப அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போகுது... மாப்ள.

வீட்டுக்காரர்: சொல்லுங்க மாமா.

எலக்ட்ரீஷியன்: என்னைப் பார்த்ததும் வெளிய போங்கன்னு சொல்லிட்டா?

வீட்டுக்காரர்: சொன்னா, அடுத்த ரூம்ல ஒரு ஃபேன் நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. நாளைக்கே அதைக் கெடுத்து வைக்கிறேன்.

எலக்ட்ரீஷியன்: நல்ல பிள்ளை. கல்யாணத்தன்னிக்கே வந்து உங்களை ஒரு தடவை பார்த்திருக்கலாம் நான்... இந்த ட்யூபைப் பாருங்க. ஒண்ணு எரியாம வீம்பு பிடிச்சா மத்ததும் எரியாது. ரெண்டும் இருட்டுல கிடக்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரர்: படியில சத்தம் கேட்குது. அவதான்.

எலக்ட்ரீஷியன்: ஐயோ... பின்பக்கமா வழி இருக்கா?

வீட்டுக்காரர்: மூணாவது மாடிக்கு ஏது மாமா பின்பக்கம்? பையில இருக்கிறதை எடுத்துப் போடுங்க.

எலக்ட்ரீஷியன்: ஒண்ணு போட்டாச்சு... இதோ ரெண்டாவது. சுவிட்சைப் போடுங்க.

வீட்டுக்காரர்: எரிஞ்சுடுச்சு.

மனைவி: யாரு அது, ஸ்டூல் மேல?

வீட்டுக்காரர்: எலக்ட்ரீஷியன்மா. நம்ம லைட்டுக்காக...

மனைவி: முட்டிவலியை வச்சுக்கிட்டு இன்னும் ஸ்டூல் ஏறுறதை விடலையாப்பா நீங்க?

எலக்ட்ரீஷியன்: கூப்பிட்டாங்க... அதனாலதான் வந்தேன்மா. நானா வரல. உன் வீட்டுக்காரர் பாவம், தெரியாம ஸ்டார்ட்டரை மாத்திப் போட்டுட்டார்.

வீட்டுக்காரர்: ஆமாமா, தெரியாமத்தான்.

எலக்ட்ரீஷியன்: அவரைத் திட்டாதே. எனக்கே கண்டுபிடிக்க இவ்வளவு நேரமாச்சு.

மனைவி: முதல் நாள் அது கண்ணைச் சிமிட்டினப்பவே எனக்குத் தெரியும்ப்பா, ரெட்டை ட்யூப்ல நீள ட்யூப் ஸ்டார்ட்டர் உட்கார்ந்திருக்குன்னு. நல்லதை இவர் மருந்து டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கிறதையும் பார்த்தேன். நினைச்சிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேன். இவர் யாருக்குப் போன் போடப்போறார்னு புரிஞ்சுபோச்சு... வாயைத் திறக்காம, தினமும் இருட்டுல முழிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். போதும், இறங்குங்க. அடுப்புல வெந்நீர் கொதிக்குது, நான் ஆத்தித் தர்றேன்.