விலாவுக்குள் இன்னொரு முதுகெலும்பு

– இறங்க மாட்டேன்னா மாட்டேன்தான். போய் உன் மேனேஜர்கிட்ட சொல்லு.

– கத்தாதடி. நீ உட்கார்ந்திருக்கிற பாறையில வெடிமருந்து அடைச்சதே நான். கூடப்பொறந்தவளை என் கையாலேயே சாகடிக்கச் சொல்றியா?

– நீ சாகடிக்க மாட்டே அண்ணா. அந்த தைரியத்துலதான் ஏறி உட்கார்ந்தேன்.

– லேப்ல கல்லைப் பரிசோதிக்கிறவளுக்குச் சுரங்கத்துல என்ன வேலை? ஒரு எலும்புக்கூட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இந்தப் பாறையே எலும்புதான்னு தினம் சாப்பிட விடாம பாடம் எடுப்பியே!

– எடுத்தேன். ஒழுங்கா கேட்டியா?

– கேட்காம? கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் கடல்ல மிதந்துச்சு. அதை மீன் தின்னுச்சு. அப்புறம்... என்னமோ சொல்லுவியே.

– எல்லாம் செத்து அடியில விழுந்துச்சு. சேத்துல இருந்த கிருமிங்க அதை மக்க வச்சு, உள்ளே இருந்த பாஸ்பேட்டை, அதான் நாம உரத்துக்குத் தோண்டி எடுக்கிறதை, பிரிச்சு விட்டுச்சு. அதுதான் எலும்பு, பல்லு, பீ எல்லாத்தையும் சேர்த்துக் கெட்டியாக்கி இப்படிப் பாறையாக்குச்சு.

– ஆக, இத்தனை வருஷமா நான் பீக்குத்தான் வெடி வச்சிருக்கேன்.

– சிரிக்க வைக்காதே. நான் கோபமா இருக்கேன்.

– சரி, எல்லாமே செத்ததுதானே? இது ஒண்ணு மட்டும் என்ன உசத்தி?

– மத்ததெல்லாம் பொடியாப் போச்சு. இது முழுசா இருக்கு. மேலே ஏறி வந்து பாரு. இது திமிங்கிலத்தோட விலா. அதுக்குள்ள சின்னதா சுருண்டு கிடக்கு பாரு.

– அட, இன்னொரு முதுகெலும்பு! ஏதாவது மீனைத் தின்னிருக்கும்.

– தின்னதா இருந்தா நொறுங்கியிருக்கும். இது அவ குட்டி, அண்ணா. வயித்துல இருக்கும்போதே தாய் செத்துட்டா. சேறு அப்படியே மூடிக்கிச்சு. மியூசியத்துலேர்ந்து நாளைக்கு வராங்கன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அடுத்த வாரம் வைக்க வேண்டிய வெடியை இன்னிக்கே வைக்கச் சொல்லிட்டாரு.

– அவங்க வந்தா வேலை நின்னுடும்னு பயம். துறைமுகத்துல கப்பல் வேற காத்துக்கிட்டிருக்கு. நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்டி, தெரியுமா?

– தெரியும். அதுக்காக இறங்கிடுவேனா? கடல் வத்தி மலையானப்போ கூட உடையாதது, நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போது தூளாகணுமா? விட மாட்டேன்.

– பிடிவாதம் பிடிச்ச கழுதை.

– இருந்துட்டுப் போறேன். உன் இடுப்புல வாக்கி டாக்கி அலறுது பாரு. மேனேஜரா இருக்கும், எடு.

– சொல்லுங்க சார்.

– என்னய்யா பண்றே அங்க? தங்கச்சிகூட அரட்டையா? நாலு பேரை அனுப்பறேன், தூக்கிட்டு வரட்டும்.

– மருந்து அடைச்ச பாறையில வெடிக்காரனைத் தவிர யாரும் ஏறக் கூடாது சார். நீங்க சுவர்ல எழுதி வச்ச சட்டம்தான்.

– அப்போ நீயே அவளை இழுத்துட்டு வாய்யா!

– அதுக்குத்தான் சார் வந்தேன். ஆனா வெடியைக் கிளப்புற பெட்டியோட சாவி என் பாக்கெட்டுல இருக்கு, நாளைக்கு மியூசியக்காரங்க வர்ற வரைக்கும் இங்கேயேதான் இருக்கும். ஏய், கொஞ்சம் தள்ளி உட்காருடி.