சொத்தை இல்லாத பற்கள்

என் அம்மாவுக்கு முறுக்கு என்றால் உயிர். விசாரணைக்குழுவின் முன்னால் இதைச் சொல்வது பொருத்தமில்லைதான். ஆனால் என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. அவளுடைய கடைவாய்ப் பல்லில் நானே வைத்த அடைப்பு ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை விழுந்தது. நடவுக்குப் போன இடத்தில், "பல்லு டாக்டரைப் பெத்தவளுக்கே நிக்கலியே, அம்சம்" என்று அம்மாவைப் பேர் சொல்லிச் சிரித்தார்களாம்.

என் கையில் தப்பில்லை. அடைப்பைப் பல்லோடு பிடித்துவைப்பது ஒரு பசை. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினில் அது ஊறி இறங்க வேண்டும். காலமெல்லாம் வெற்றிலை பாக்கு மென்ற வாயில் எனாமல் தேய்ந்து, டென்டின் கண்ணாடி போல இறுகிக் கிடக்கும், பசை இறங்காது. பசை செய்யும் கம்பெனிக்காரர்கள் அதைச் சோதிப்பதோ எங்கோ இளவயதுக்காரர்களுக்குப் பிடுங்கிப் போட்ட பற்களில். ஆடுதுறைப் பக்கம் சேற்றில் குனிந்து நிற்கிற பெண்களின் வாயை எவன் பார்த்தான்? இதைப் பற்றி நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய நிபுணர், உயிருள்ள பல்லில் உள்ளிருந்து ஈரம் கசியும், பிடுங்கிய பல்லில் பசை தடவிப் பார்த்தது செல்லாது என்று எழுதியிருந்தார். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி.

அதனால் எங்கள் ஊரிலேயே இலவச முகாம் போட்டேன். அம்மாதான் எல்லோரையும் அழைத்து வந்தாள். "எம் மவன் பாக்குறான், காசு கெடையாது, வாங்கடி."

நல்ல பல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். சொத்தை இருந்தால் சோதனை கெட்டுவிடும். பல்லைக் குடைந்து, ஆளுக்கொரு பசை வைத்து அடைத்தேன். குறுவை நடவில் அடைத்ததை அறுவடை முடிந்ததும், "வேர்ல சீழ் வச்சிருச்சு" என்று சொல்லிப் பிடுங்கினேன். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் இருக்கும் இயந்திரத்தில் மாட்டி, எந்த இழுப்புக்கு அடைப்பு பிய்கிறது என்று பார்த்தேன். ஊசி போட்டு மரக்கவைத்துத்தான் எடுத்தேன். நான் மிருகம் இல்லை. போகும்போது எல்லோரும் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

என் மாணவி எழில்மொழி மேசையில் இருந்த பற்களைப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒண்ணுலகூட சொத்தை இல்லையே" என்றாள். உங்களுக்கு எழுதிப் போட்டதும் அவள்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் மேல் அவளுக்கு என்ன திடீர்க் கரிசனம்? அவர்களுடைய அடைப்புகள் விழுந்துகொண்டிருந்தபோது இந்தக் குழு எங்கே போயிருந்தது?

மற்ற பெண்கள் ஒரு பல் கொடுத்ததோடு நின்றுகொண்டார்கள். அம்மா மட்டும் நான் கூப்பிட்டபோதெல்லாம் வந்தாள். "இதுவுமா போச்சு, அறிவு?" என்று கேட்டுக்கொண்டே வாயைத் திறப்பாள். அவளுடைய கடைசிக் கடைவாய்ப் பல்லைத் தை மாதம் எடுத்தேன். இப்போது சோற்றைக் கரைத்துக் குடிக்கிறாள். வெற்றிலையைக்கூட இடித்துத்தான் போட்டுக்கொள்கிறாள். என்னைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை; வேண்டுமானால் கூப்பிட்டு விசாரியுங்கள்.

எல்லாவற்றையும் பிடுங்கியது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முடிவு கிடைத்துவிட்டது. எங்கள் பெண்களின் டென்டினில் எந்தப் பசை நிற்கும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். இனிமேல் அம்மாவுக்கு நான் வைக்கிற அடைப்பு ஒருநாளும் விழாது.