ஒரு வீடும் விடாமல்

றெஜி: ...இன்னொருக்காச் சுத்தட்டோ அண்ணை? இது மூண்டாந்தரம். இனிச் சுத்தினால் ஒழுங்கையிலை கிடக்கிற நாயெல்லாம் திருநாளிலை அந்தோனியார் சுருவத்துக்குப் பின்னாலை வாற சனம் மாதிரி ஓட்டோவுக்குப் பின்னாலை வரும்.

கனிசியஸ்: நிப்பாட்டாதை. மெல்லமாப் போ. யோசிக்கிறன்.

றெஜி: யோசிக்க என்ன கிடக்கு? நாப்பத்திரண்டு வீடு, நாப்பத்திரண்டு பார்சல். நாப்பத்தொண்டு குடுத்தாச்சு. மிச்சம் ஒரு பார்சல். மிச்சம் ஒரு வீடு.

கனிசியஸ்: வாயை மூடடா.

றெஜி: நேர்த்தி வைச்சது நானோ? அந்தோனியாருக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டு, "வீட்டுத்திட்டத்திலை என்ரை பேர் வந்தால் எங்கடை ஒழுங்கையிலை ஒரு வீடும் விடாமல் சாப்பாடு குடுப்பன்" எண்டது நீங்கள். கோயிலிலை கடைசி வாங்கிலை இருந்த எனக்கே கேட்டது.

கனிசியஸ்: ஒரு வீடும் விடாமல் எண்டு... அப்பிடியே சொன்னனான்?

றெஜி: ரெண்டுதரம்.

கனிசியஸ்: உணர்ச்சியிலை சொல்லியிருப்பன்.

றெஜி: பார்சலிலை ஒட்டின ஸ்ரிக்கரும் உணர்ச்சியிலைதான் அடிச்சதோ? அந்தோனியார் மூலைக்கை முத்திரை அளவிலை நிக்கிறார். நீங்கள் நடுவிலை, கூலிங் கிளாசோடை.

கனிசியஸ்: அது அச்சடிச்சவன் விட்ட பிழை.

றெஜி: முன்வீட்டு முத்துக்குமாரர் பார்சலைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு என்னட்டைக் கேட்டவர், "தம்பி, உதிலை ஆர் அந்தோனியார்?" எண்டு.

கனிசியஸ்: அவர் சைவக்காரன். அவருக்கு என்ன தெரியும்?

றெஜி: செவ்வாய்க்கிழமை விரதம் எண்டு அவருக்குத் தெரியும். கோழிப் புரியாணியை ரெண்டு கையாலையும் வாங்கி, கண்ணிலை ஒத்தி, பின்னாலை கொண்டுபோய் நாய்க்கு வைச்சவர்.

கனிசியஸ்: நாயும் ஆண்டவர் படைச்ச சீவன்தானே.

றெஜி: அப்ப நாப்பத்திரண்டாவதையும் ஒரு சீவனுக்கு வைச்சிட்டு வீட்டை போவம். உங்கை ஒண்டு வாலாட்டிக்கொண்டு நிக்குது.

கனிசியஸ்: பகிடியை விடு. கிடைச்ச கிருபையைத் தனிய வைச்சுக்கொண்டு இருக்கக்கூடாது, மற்றவைக்கும் பகிரவேணும் எண்டு பாதர் பிரசங்கத்திலை சொன்னது கேக்கேல்லையே?

றெஜி: கேட்டது. அதுதான் வீட்டை நாங்கள் வைச்சுக்கொண்டு புரியாணியைப் பகிருறம்.

கனிசியஸ்: கூடப்பிறந்த அண்ணனோடை இப்பிடிக் கதைக்கத்தான் கம்பசிலை படிப்பிக்கினமோ?

றெஜி: இது தனிப்பாடம். வீட்டிலையே எடுத்தனான்... அண்ணை, செபஸ்தியம்மாக்காவின்ரை வீட்டுப் படலை வந்திட்டுது. நிப்பாட்டுறன்.

கனிசியஸ்: இதிலை இல்லையடா! அங்காலை, வேப்பமரத்தடியிலை நிப்பாட்டு. ...தலையைக் குனி. அவ வீட்டு முத்தத்திலை நிண்டால் காணப்போறா.

றெஜி: ஓட்டோ குனியாது அண்ணை.

கனிசியஸ்: அவவுக்குத் தேவையில்லை எண்டுதான் நான் நினைக்கிறன். சாப்பாட்டுக்கு வழியில்லாத மனிசியே? மகன் இத்தாலியிலை.

றெஜி: இத்தாலியிலைதான். நாலு வருசமா ஒரு ரெலிபோன் கோல் இல்லை. அவ அந்தத் தகரக் கொட்டிலுக்கை வெறுந் தேத்தண்ணியோடை இருக்கிறா. ஓ... உது மொட்டைக் கடிதத்திலை வரேல்லை என்ன?

கனிசியஸ்: ...எந்தக் கடிதம்?

றெஜி: வீட்டுத்திட்டத்துக்குப் பேர் எடுக்கிற விதானையாருக்குப் போன கடிதம். "மேற்படி செபஸ்தியம்மாவின் மகன் வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் உதவுகிறார். ஆகையால் அவருக்கு வீடு தேவையில்லை. இப்படிக்கு, ஊர் நலன் விரும்பி." பட்டியலிலை முதலாவதா இருந்த பேர் வெட்டுப்பட்டது. ரெண்டாவதா இருந்த பேர் மேலை ஏறினது. ரெண்டாவதா இருந்தது ஆர் அண்ணை?

கனிசியஸ்: அது அந்தோனியார் செய்த புதுமை.

றெஜி: தொலைஞ்சு போனதைத் தேடிக் குடுக்கிறவர்தான் அவர். ஆற்றை பொருளை ஆருக்குக் குடுக்கிறன் எண்டு பாக்கிறேல்லைப் போல.

கனிசியஸ்: டேய், கனக்கக் கதைக்காதை. நீயும்...

றெஜி: நானும்?

கனிசியஸ்: ஒண்டுமில்லை. நேரம் என்ன?

றெஜி: நாலு பத்து. அஞ்சு மணிக்கு பாதர் வாறார் புது வீட்டை மந்திரிச்சு ஆசீர்வதிக்க.

கனிசியஸ்: அதுக்குள்ளை நேர்த்தி முடியவேணும். குறையிலை கிடந்தால் தந்தவர் திருப்பி எடுப்பார். பெரியய்யா ஒரு நேர்த்தியை மறந்துதான் வள்ளம் கடலுக்கை தாண்டது.

றெஜி: வள்ளம் தாண்டது ஓட்டையாலை.

கனிசியஸ்: ஓட்டை ஏன் வந்தது?

றெஜி: சரி, அப்ப சுகமான வழி ஒண்டு சொல்லட்டே? வேலிக்கு மேலாலை எறிவம். கிருபை மேலையிருந்துதானே வாறது.

கனிசியஸ்: படலையிலை கொழுவிப்போட்டு ஓடினால்?

றெஜி: உங்கடை படம் கிடக்குது பார்சலிலை. கூலிங் கிளாசோடை. அவ நிண்டு கதைப்பா அதோடை.

கனிசியஸ்: ...றெஜி.

றெஜி: ம்.

கனிசியஸ்: நீ கொண்டுபோய்க் குடன்.

றெஜி: நானோ? நேர்த்தி உங்கடை.

கனிசியஸ்: நீ சின்னப் பெடியன். உன்னிலை அவவுக்கு நல்ல வாரப்பாடு. கண்ட இடத்திலை "மோனை, சாப்பிட்டியோ" எண்டு கேக்கிறவ.

றெஜி: எனக்கு... நான் ஓட்டோவைப் பாக்கவேணும்.

கனிசியஸ்: ஓட்டோ தனிய ஓடுமோ?

றெஜி: பிறேக் கொஞ்சம் லூஸ்.

கனிசியஸ்: இவ்வளவு நேரமும் வாய் காதுவரைக்கும் கிழிஞ்சுது. இப்ப என்ன? கால் வரேல்லையோ?

றெஜி: வீடு ஆற்றை பேரிலை வந்தது? என்ரை பேரிலையோ?

கனிசியஸ்: முன் அறை ஆருக்கு? மேசையும் மின்விசிறியும் போட்டு, கதவுக்கு உள்ளாலை கொண்டி வேணும் எண்டு மேசனோடை சண்டை பிடிச்சு வைப்பிச்சது ஆர்?

றெஜி: அது... படிக்கிறதுக்கு.

கனிசியஸ்: ஓம், படி. நல்லாப் படி. எல்லாரிலையும் பிழை பிடிக்கப் படி. இறங்கடா இப்ப.

றெஜி: அண்ணை, ரெண்டு பேருமாப் போவம். நீங்கள் குடுங்கோ, நான் பக்கத்திலை நிக்கிறன்.

கனிசியஸ்: நீ குடு, நான் பக்கத்திலை...

செபஸ்தியம்மா: என்ன தம்பியவை, வேப்பமரத்தடியிலை இருந்து செபமாலையோ சொல்லுறியள்?

கனிசியஸ்: ஐயோ! ...அக்கா. உங்களிட்டைத்தான் வந்தனாங்கள்.

செபஸ்தியம்மா: மூண்டுதரம் வந்ததை வேலிக்குள்ளாலை பாத்தனான். படலையைத் தெரியேல்லையோ எண்டுதான் நானே வெளியிலை வந்தன்.

கனிசியஸ்: இது... நேர்த்திச் சாப்பாடு. வீடு கிடைச்சதுக்கு நன்றியா... எல்லாருக்கும்...

செபஸ்தியம்மா: தா ராசா. சூடு ஆறிப்போச்சுது, அதுக்கென்ன. ஆண்டவருக்குத் தோத்திரம். உதிலை ஆரடா, நீயே? வடிவா இருக்கிறாய்.

கனிசியஸ்: அச்சடிச்சவன் விட்ட பிழை அக்கா.

செபஸ்தியம்மா: வீடும் நல்ல வடிவு. சுவர் எழும்பேக்கை வந்து பாத்தனான். குசினிக்குக் கிழக்கை பாத்து யன்னல் விட்டிருக்கிறாய். நானும் அப்பிடித்தான் யோசிச்சு வைச்சிருந்தனான்.

கனிசியஸ்: ...பின்னேரம் மந்திரிக்கிறம். வாங்கோ அக்கா.

செபஸ்தியம்மா: வராமல்? முன்வரிசையிலை வந்து நிப்பன்.

றெஜி: அப்ப சரி அக்கா, பாதர் வரப்போறார், நாங்கள் வெளிக்கிடுறம்...

செபஸ்தியம்மா: பொறு மோனை. உன்னட்டைத்தான் எனக்கு ஒரு அலுவல். அடுத்த வீட்டுத்திட்டத்துக்குப் பேர் எடுக்கினமாம். விதானையாருக்கு ஒரு கடிதம் எழுதவேணும்.

றெஜி: என்ரை எழுத்து வடிவில்லை அக்கா. விதானையாற்றை கந்தோரிலை கேட்டால் ஆரும் எழுதித் தருவினம்.

செபஸ்தியம்மா: ஆர் சொன்னது வடிவில்லை எண்டு? என்ரை பேரை வெட்டேக்கை விதானையார் அந்த மொட்டைக் கடிதத்தை என்ரை கையிலை தந்து வாசிக்கச் சொன்னவர். முத்து முத்தான எழுத்து. நீ எனக்கு நிரப்பித் தந்த விண்ணப்பப் போர்மைத்தான் திருப்பித் தாறார் எண்டு முதல் நினைச்சிட்டன் மோனை. உன்ரை எழுத்தை அங்கை உடனை நம்புகினம், எனக்கும் ஒண்டு எழுதித் தா.