போர்வைக்குள்ளிருந்து வந்த வசனம்

— மேடையில செத்துக் கிடக்கறவ நான். என் கையைப் பிடிச்சு நாடி பார்த்துட்டு, "ஆக்சிஜன் வைங்க, நர்ஸ்"னு சொல்றே. கதை நடக்கறது நெப்ராஸ்காவுல ஒரு பண்ணை வீட்டுல, ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூறுல. அங்கே ஏதுய்யா ஆக்சிஜன்?

— வாய் தவறி வந்துடுச்சு, மார்னி.

— வாய் தவறினா ஒரு வார்த்தை தவறும். நீ ஒரு முழு ஆஸ்பத்திரியையே மேடையில இறக்கிட்டே, வெண்டல்.

— ஜனங்க கைதட்டினாங்களே, அதைச் சொல்லமாட்டியே.

— தட்டினாங்க, டாக்டர் பிராட்டனுக்குத் தட்டினாங்க. இருபத்திரண்டு வருஷம் தினம் மத்தியானம் டிவியில பார்த்த டாக்டர் நேர்ல வந்துட்டாருன்னு தட்டினாங்க. புதன்கிழமை மதியக் காட்சி, வந்திருக்கறது பூரா உன் ரசிகைங்க. நான் செத்ததையே அவங்க நம்பலை. நீ எப்படியும் காப்பாத்திடுவேன்னு உட்கார்ந்திருக்காங்க.

— இந்தா பாரு, நடந்தது நடந்துடுச்சு. என் கோட்டைக் கொடு. இரண்டாம் அங்கத்துக்குக் கூப்பிட்டுடப் போறாங்க.

— பொத்தான் தொங்குது. தைச்சுத் தரேன், உட்காரு.

— அதுக்குத்தான் உடுப்பு பார்த்துக்க ஆள் இருக்காங்களே. விவாகரத்து வாங்கி பதினாலு வருஷம் ஆச்சு, இன்னும் என் பொத்தானை நீ ஏன் தைக்கறே?

— கல்யாணம் ஆகியிருந்தப்ப தைக்கலைன்னு குறைபட்டியே, அதுக்குத்தான்.

— சுவர்ல இருக்கற அந்த ஸ்பீக்கர் பெட்டி ஏன் வாயே திறக்கலை? மேடையில பேசறது, மேடை மேலாளர் டோலோரஸ் நம்மளைக் கூப்பிடறது எல்லாம் அதுலதானே கேக்கும்.

— காலையிலேர்ந்து கோளாறு. நேரம் வந்தா டோலோரஸ் கதவைத் தட்டுவா.

— இடைவேளை பதினஞ்சு நிமிஷம். அது எப்பவோ முடிஞ்சிருக்கணும்.

— ஐயா சாமி, பிராட்வேயில எந்த நாடகத்துல இடைவேளை பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கு? பெண்கள் கழிப்பறையில மொத்தமே மூணு கதவு. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. அவங்க எல்லாம் வந்து உட்காராம மேடை மேலாளர் திரையைத் தூக்குவாளா?

— இருந்தாலும் கோட்டைக் கொடு. பொத்தான் இல்லாமலே போயிக்கறேன்.

— நீ எதுக்குத்தான் பொறுத்திருக்கே? ஆறு வாரத்துல வந்துடறேன்னுட்டு லாஸ் ஏஞ்சலிஸ் போன ஆளுதானே.

— ஆரம்பிச்சுட்டியா? டிவி தொடர்ல ஆறாவது வாரம் அந்த டாக்டரைக் கொன்னுடறதாத்தான் இருந்தாங்க. ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, கோமாவுல போட்டு வெச்சாங்க. நான் என்ன பண்ணுவேன்?

— கோமாவுல இருந்தப்பவாவது வீட்டுக்கு வந்திருக்கலாமே.

— வந்தேன். நீ ஒத்திகைக்குப் போயிருந்தே.

— ஒரு நாள் போயிருந்தேன். நீ உடனே விமானம் ஏறிட்டே.

— எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? சினிமாவுல பெரிசா வரலாம்னு நினைச்சேன்.

— வந்தியே, மூணு படம். மூணுலயும் ஜனங்க பாப்கார்ன் தீர்றதுக்குள்ள செத்துட்டே.

— நீ பேசுவே. உனக்கு ரெண்டு விருது இருக்கு.

— ஒண்ணு சமையலறைக் கதவு சாத்திக்காம முட்டுக் கொடுத்து நிக்குது. மளிகைக் கடையில என்னை ஒருத்தருக்கும் தெரியாது. உன்னைப் பார்த்தா டாக்ஸி டிரைவர் வண்டியை நிறுத்திட்டு முழங்காலைக் காட்டி மருந்து கேக்கறான்.

— ஐஸ் வைக்கச் சொன்னேன். அவனுக்கு நல்லாத்தான் ஆச்சு, தெரியுமா?

— கடவுளே.

— சிரிக்காதே. இந்தா பாரு மார்னி, எனக்கு எழுபத்தொண்ணு ஆகுது. டிவி, சினிமா, முழங்கால் தைல விளம்பரம், எல்லாம் பண்ணியாச்சு. மேடைக்குத் திரும்பி வந்ததே இந்த நாடகத்தோட கடைசிப் பேச்சுக்காகத்தான். நிலத்தை விக்கமாட்டேன்னு அந்த மனுஷன் மகன்கிட்ட சொல்ற பேச்சு. அதை ஒழுங்காப் பேசிட்டேன்னா போதும், அப்புறம் என்னை யார் டாக்டர்னு கூப்பிட்டாலும் பரவாயில்லை.

— அந்தப் பேச்சு மனப்பாடமா இருக்கா?

— தூக்கத்துல எழுப்பிக் கேளு.

— முழிச்சிருக்கறப்பவே கேக்கறேன். முதல் வரியைச் சொல்லு.

— ம்... இரு.

— சொல்லு, வெண்டல்.

— கோட்டைக் கொடு. கோட்டைப் போட்டா வந்துடும்.

— சிகாகோவுல சர்ச்சுக்குக் கீழே இருந்த அந்த ஈரமான அறையில நாடகம் போட்டோமே, ஞாபகம் இருக்கா? பார்க்க வந்தது ஒன்பது பேர். அதுல பாதிப் பேர் குளிருக்கு ஒதுங்கினவங்க. அன்னிக்கு நான்தான் மறப்பேன், நீதான் எடுத்துக் கொடுப்பே. உன் வசனம், என் வசனம், எல்லா வசனமும் உனக்குத் தலைகீழாத் தெரியும்.

— தெரியும். அதெல்லாம் இப்பவும் அப்படியே இருக்கு. இதுதான் நிக்கமாட்டேங்குது.

— மூணு வாரமா நான் போர்வைக்குள்ளேர்ந்து உனக்கு எடுத்துக் கொடுக்கறேன். செத்தவ உதடு அசையுதுன்னு முன்வரிசையில ஒரு அம்மா சத்தமாவே சொல்லிட்டா. இரண்டாம் அங்கத்துல நான் கிடையாது, என்னைப் புதைச்சாச்சு. அதனால திரை ஓரத்துல இருட்டுல நின்னு கொடுத்தேன். நேத்து நான் கொடுத்ததைக்கூட நீ வாங்கலை. என்னையே பார்த்துட்டு நின்னே. யாருன்னு தெரியாத மாதிரி பார்த்தே. எனக்கு உயிரே போயிடுச்சு.

— தெரியாம இல்லை. உன்னைத் தெரிஞ்சுது. நீ எதுக்கு அங்கே நிக்கறேன்னுதான் தெரியலை.

— இரு, நூல் அறுந்துடுச்சு.

— ஊசியைக் கீழே வை. கையைக் குத்திக்கப் போறே.

— இந்தக் கோட்டுல பொத்தானுக்கு ஒண்ணும் ஆகலை, வெண்டல். கழிப்பறை வரிசையும் இல்லை. இரண்டாம் அங்கம் ஆரம்பிச்சாச்சு. டேமியன் மேடையில இருக்கான்.

— எனக்கு மாற்றா வெச்சிருந்த டேமியனா?

— அவன்தான். நான்தான் டோலோரஸ்கிட்ட போய், "இவனை நான் அறைக்குள்ளயே பிடிச்சு வெச்சுக்கறேன், நீ அவனை அனுப்பு"ன்னேன். அவளும் தலையாட்டினா. உள்ளே வந்ததும், சால்வையை மாட்டற மாதிரி அந்தப் பெட்டியோட குமிழைத் திருகி அடைச்சேன். இதுதான் நடந்தது. திட்டு, கண்ணாடியை உடை, ஏதாவது பண்ணு. ஆனா என்னை இப்படிப் பார்க்காதே.

— நீ திருகறப்ப அது ஏற்கெனவே அடைச்சிருந்ததே, கவனிக்கலையா?

— என்னது?

— மேடையை விட்டு இறங்கின கையோட நேரா டோலோரஸ்கிட்ட போனேன். டேமியனை அனுப்பு, இன்னிக்கு மட்டும் இல்லை, இனிமே அவனே போகட்டும்னேன். மார்னிகிட்ட மட்டும் சொல்லாதேன்னேன். இங்கே வந்து குமிழை அடைச்சேன். அதுக்கப்புறம்தான் நீ கத்திக்கிட்டே வந்தே.

— அப்போ இவ்வளவு நேரமும் கோட்டைக் கொடு கோட்டைக் கொடுன்னு என் உயிரை வாங்கினியே, அது எதுக்குய்யா?

— அவன் அந்தப் பேச்சைப் பேசறப்ப இங்கே தனியா உட்கார்ந்திருக்க எனக்குப் பயமா இருந்தது. அழுதிருந்தா நீ தோளைத் தட்டிட்டுப் போயிருப்பே, மார்னி. சண்டை போட்டாத்தான் நீ உட்காருவே.