தண்டு இல்லாத தொட்டில்

உக்காருங்க சம்பந்தி. அந்த ரொட்டி மூட்டைய மட்டும் அவுக்காதீங்க, துணியோட அப்படியே இருக்கட்டும். நீங்க ஒரு விள்ளல் புட்டு, நான் ஒரு விள்ளல் புட்டு வாயில போட்டுட்டா, என் மக ஒய்தின உங்க வீட்டுக்குத் திருப்பி அனுப்பச் சம்மதம்னு ஆயிடும். கோகந்துல பொறந்து வளந்துட்டு அது தெரியாத மாதிரி உக்காரக் கூடாது. டீ குடிங்க. குத்ரத்தா? உங்க பையன் போன எடுக்கலையா? எடுப்பான், எங்க போயிடப் போறான்.

அதையா பாக்குறீங்க? வந்ததுல இருந்து உங்க கண்ணு அங்கதான் போகுது. எல்லாரும் அப்படித்தான். தாஷ்கண்டுல இருந்து வந்த ஒருத்தர் கேட்டாரு, இது என்னங்க, மரமா, மயிலா, பொம்பளையான்னு. தொட்டில்னேன். சிரிச்சாரு. நெசமாவே தொட்டில்தான் சம்பந்தி. உங்க பேரப்பிள்ளைக்குன்னு நான் கடைஞ்சது. உச்சியில ஏன் ஓட்டையா? வரேன் வரேன், அதுக்கும் வரேன்.

ஆமா, பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடியே செஞ்சேன். பொறந்தப்புறம்தான் பொண்ணு வீட்டுக்காரன் தொட்டில் கொண்டு போகணும், அதுக்கு முன்னால மரத்துல உளி படக்கூடாது. ஊருக்கெல்லாம் தொட்டில் கடைஞ்சு கொடுக்குறவன், எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு முதல் பேரப்பிள்ளை. கை சும்மா இருக்க மாட்டேங்குது. முற்றத்துல ஆப்ரிகாட் மரம் காத்துல சாஞ்சு கெடந்துச்சு. பச்சை மரம், அறுத்தா தண்ணி சொட்டுது. காயப் போடப் பொறுமை இல்ல, கடைசல் மெஷின்ல ஏத்திட்டேன். முதல் கட்டையே பிச்சுக்கிட்டுப் பறந்து வந்து மூஞ்சில அடிச்சுது. இந்தா பாருங்க, புருவம் பொளந்து கண்ணு மேல தொங்குச்சு. சுவரெல்லாம் ரத்தம். ஹனீஃபா துணியக் கட்டிக்கிட்டே திட்டுனா, மரமே வேணாங்குதுய்யா, விட்டுருன்னு. என் பொண்டாட்டி பேச்ச நான் என்னைக்குக் கேட்டேன்? காலு, தூணு, மேல பிடிச்சுத் தூக்குற தண்டு, எல்லாம் கடைஞ்சேன். பிள்ளை மூத்திரம் போறதுக்கு வைக்கிற குழலு கூட. பையனா பொண்ணான்னு தெரியாதே, ரெண்டு மாதிரியும் ஏழெட்டு கடைஞ்சு வச்சேன்.

பச்சை மரம் சும்மா விடுமா? காயக் காய முறுக்கிக்கிச்சு. தூணெல்லாம் கோணல், காலெல்லாம் வெடிப்பு. நிக்க வச்சா குடிகாரன் மாதிரி சாயுது. தண்டு மட்டும்தான் தேறுச்சு, அது பழைய முசுக்கட்டை மரம், இரும்பு மாதிரி. இத எவன் வீட்டுக்குக் கொண்டு போறதுன்னு எல்லாத்தையும் தூக்கி அடுப்புக் கட்டையோட எறிஞ்சேன். அந்த வாரமே உங்க வீட்டுல இருந்து ஆள் வந்துச்சு. ஒய்தின் படியில விழுந்துட்டா, வயித்துல இருந்தது போச்சுன்னு.

துக்கத்துக்கு வந்தப்ப உங்க வீட்டம்மா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? அத்தன பொம்பளைங்க நடுவுல உக்காந்து, இவ அப்பன் அவசரப்பட்டுத் தொட்டில் கடைஞ்சான், அவன் உளிதான் பிள்ளையக் கொன்னுச்சுன்னாங்க. நீங்க வாசப்படில நின்னீங்க. இல்ல சம்பந்தி, ஆமான்னு தலைய ஆட்டுனீங்க, நான் பாத்தேன்.

நானும் நம்பிட்டேன். அதுதான் கொடுமை. தெருவே நம்புச்சு, என் புருவத்துத் தழும்பப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. ஒரு நாள் கோடாலிய எடுத்து மெஷின் பெல்ட்ட ஒரே போடு போட்டேன். மெஷினையும் பொளந்திருப்பேன், ஹனீஃபா என் கையக் கடிச்சு, கோடாலியப் பிடுங்கிட்டா.

ஒய்தின் இங்க வந்து படுத்தவ எந்திரிக்கவே இல்ல. ஒரு நாள் அவ அம்மா அடுப்புல வைக்கப் போன தூணப் பிடுங்கிட்டா. எரிக்காதேன்னா. வெட்டின பெல்ட்ட அவளே தச்சா. கோணத் தூண மெஷின்ல ஏத்தி, ஓட விட்டு, சிவப்பு அரக்குக் குச்சிய வச்சு அழுத்தினா. சுத்துற சூட்டுல அரக்கு உருகி மரத்துல பிடிச்சுக்கும். நேரான மரம்னா வளையம் வளையமா விழும். இது துள்ளுது, மேட்டுல பிடிக்குது, பள்ளத்துல விட்டுருது. விடு புள்ள, நல்லா வராதுன்னேன். நல்லா வர வேண்டாம்னா. சிவப்பு மேல கறுப்பு, கறுப்பு மேல மஞ்சள். குச்சி உடைஞ்சு தெறிக்குது, கை பொத்துப் போகுது, பல்லக் கடிச்சுக்கிட்டு அழுத்துறா. அந்தச் சத்தத்துக்குள்ளதான் சொன்னா, என் மூஞ்சியப் பாக்காமலே.

படி இல்லப்பா, பூட்ஸ் கால். குத்ரத் என்னச் சுவத்துல சாச்சு வச்சு வயித்துலயே மிதிச்சான். மாமனாரு முற்றத்துல நின்னு கை கழுவிக்கிட்டு இருந்தாரு. பாத்துட்டு உள்ள போயிட்டாருன்னா.

டீ ஆறுது, குடிங்க.

எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இத்தன நாளா என் கையயே நான் வெறுத்தேனேன்னு அழுகையா வந்துச்சு. அப்புறம் அப்பனும் மகளுமா உக்காந்தோம். வெடிப்புல கறுப்பு அரக்க ஊத்தி அடைச்சோம். தூணுங்கள ஒண்ணு மேல ஒண்ணு சாச்சு நிறுத்துனோம். அந்தக் குழலெல்லாம் அவ உச்சியில நட்டா, பாருங்க, குருவிக் கூட்டம் மாதிரி. கடை வாசல்லயே வச்சோம். என்னதுன்னு கேட்ட ஒவ்வொருத்தருக்கும் சொன்னேன், யாரு பிள்ளைக்குச் செஞ்சது, அந்தப் பிள்ளை எப்படிப் போச்சுன்னு. அது உங்க தெருவுக்கும் வந்துருச்சு. அதனாலதான இன்னைக்கு ரொட்டி கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க.

ம், ஓட்டை. அதுலதான் மேல் தண்டு இருந்துச்சு. காலைல வரைக்கும் இருந்துச்சு. குத்ரத் உங்களுக்கு முன்னாடியே வந்தான், ரொட்டி இல்லாம. இத உடைச்சுப் போட்டுட்டு வண்டியில ஏறுடின்னான். அவ மெஷின்ல நின்னா. சடைய கையில சுத்தி இழுத்தான், ஓடுற மெஷின்ல அவ மூஞ்சி பட இருந்துச்சு. நான் உளியோட எந்திரிக்கிறதுக்குள்ள அவ எட்டி இதுல இருந்து தண்ட உருவிட்டா. முசுக்கட்டைன்னு சொன்னேன்ல. முழங்கையில ஒண்ணு போட்டா, கை வேற பக்கம் மடங்குச்சு. அப்புறம் தோள்ல, முட்டில. நாலாவதோ அஞ்சாவதோ தண்டே ஒடிஞ்சுது. நான் தடுக்கல சம்பந்தி. முற்றத்துல போய்க் கை கழுவுனேன்.

பதறாதீங்க, உயிரோடதான் இருக்கான். பின்னாடி கொட்டகையில மரச்சீவல் மேல படுத்திருக்கான். எலும்பு கட்டுறவரு வந்து கட்டிட்டுப் போயிட்டாரு. போலீசா? போங்களேன். படியில விழுந்துட்டான்னு சொல்லுங்க, உங்க வீட்டுல அது பழக்கம்தான. அந்த மெஷின் சத்தம் ஒய்தின்தான், புதுத் தண்டு கடையுறா. இப்படிப் பின் பக்கமா வண்டியக் கொண்டாங்க, அவனத் தூக்க நானே ஒரு பக்கம் பிடிக்கிறேன். ரொட்டியையும் எடுத்துக்கோங்க, காலைல இருந்து அவன் ஒண்ணும் சாப்பிடல. ஒத்தக் கையால புட்க முடியாது, நீங்கதான் புட்டு ஊட்டணும்.